சாரம் கட்டுவதற்கு முன்: ஒரு நகரச் சிவன் கோயிலைப் பதிவெடுத்த அனுபவம்

செட்டிநாட்டுக் கோயில்களுக்குக் கவனிப்பு குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை குடமுழுக்கு, அதற்கு முன் திருப்பணி. வெளிநாட்டில் இருக்கும் புள்ளிகள்கூட (நகரத்தார் குடும்பங்கள்) தயங்காமல் பணம் அனுப்பிவிடுவார்கள். சிக்கலே அந்தக் கவனிப்பில்தான் இருக்கிறது. புதுப் பெயின்ட், புதுத் தரை, சுவரைப் பளிச்சென்று காட்ட மணல் வீச்சு எல்லாம் சேர்ந்தால் எழுநூறு வருடக் கல்வெட்டு ஒரே வாரத்தில் வழவழப்பாகிவிடும். மணல் வீச்சு கூடாது என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கம்பி பிரஷும் கிரைண்டரும் யாரைக் கேட்டு உள்ளே வருகின்றன?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) எடுத்த திருப்பணிகளில் பல கோயில்கள் அடியோடு பிரித்துக் கட்டப்பட்டன. இன்று நாம் வாய் பிளந்து பார்க்கும் யாளித் தூண்களும் கொடுங்கைகளும் (வளைந்த கல் கூரை விளிம்புகள்) பல இடங்களில் அப்போது வந்தவைதான். அவற்றுக்கு முன் அங்கே நின்றது எப்படி இருந்தது என்று கேட்டால், காட்டுவதற்கு அநேகமாக ஒரு கோட்டுப்படம்கூட இல்லை. ஒரு ஊர்க் கோயிலில் திருப்பணி தொடங்கவிருந்தது, இந்த முறையாவது அப்படி ஆகக்கூடாது என்றுதான் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனோம்.

பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, இளையாத்தங்குடி, மாத்தூர் என்று ஒன்பது நகரக் கோயில்களுக்குப் படங்களுக்குப் பஞ்சமில்லை. ஊர்தோறும் இருக்கிற நகரச் சிவன் கோயில்கள்தான் (நகரத்தாரின் ஊர்க் கோயில்கள்) கணக்கில் வருவதில்லை. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அதைக் கேள்விப்பட்டு வருகிறவர்களும் வளவு வீடுகளையும் ஆத்தங்குடித் தரையையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நாங்கள் எடுத்தது காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் ஒரு ஊர்க் கோயில். கருவறையும் அர்த்தமண்டபமும் பழைய கல், சுற்றாலையும் (சுற்று மண்டபம்) முன்மண்டபமும் பின்னால் வந்தவை. ஊர்ப் பெயரைச் சொல்லாமல் விடுவதற்குக் காரணம் உண்டு, உற்சவர் பற்றிப் பேசும்போது வரும்.

அனுமதி கேட்கப் போனபோது கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் காரியக்காரர் முதலில் கேட்டது, "தம்பி, டிரோன் கிரோன் விடுவீங்களா?"

"இல்லைங்க அண்ணே."

"அப்ப சரி. மூலவர் பக்கம் போகக் கூடாது. அர்த்தமண்டபப் படி தாண்டக் கூடாது. மத்தபடி உச்சிகாலம் முடிஞ்சு நடை சாத்தினதுல இருந்து நாலு மணி வரைக்கும் உங்க பாடு."

டிரோன் இல்லாததை நான் இழப்பாக நினைக்கவில்லை. மேலிருந்து சுற்றிச் சுற்றி எடுத்த வீடியோ கூட்டத்தில் போட்டுக் காட்ட நன்றாக இருக்கும். எந்தக் கல் எந்த அளவில் இருந்தது என்று நாளை யாராவது கேட்டால் அதில் பதில் இருக்காது.

முதல் வேலையைக் கேமராவை வெளியே எடுக்காமல்தான் செய்தோம். லேசர் தூரமானி, எஃகு டேப், கிராஃப் தாள். தரைப்படத்தைக் கையால் வரைந்து, ஒவ்வொரு மண்டபத்திலும் நான்கு பக்கத்தோடு இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்தோம். மூலைவிட்டம் இல்லாவிட்டால் கோணல் தெரியாது, பழைய மண்டபம் எதுவும் நேர்ச் சதுரமாக இருப்பதில்லை. அப்புறம் ஒவ்வொரு தூணுக்கும் சுவர்த் துண்டுக்கும் கோஷ்டத்துக்கும் (சுவர் மாடம்) ஒரு குறியீடு. வடசுவரில் மூன்றாம் துண்டில் குமுதம் (அடித்தளத்தில் துருத்தி நிற்கும் கல் வரிசை) என்றால் "வ-3-கு". எல்லாப் படத்தின் பெயரும் அந்தக் குறியீட்டில்தான் தொடங்கும். இது சலிப்பான வேலை. கூட வந்த பையன்கள் இருவர் முகம் சுளித்தார்கள். ஆனால் கோயில் பதிவு என்று சொல்லிக்கொண்டு வன்தட்டில் கிடக்கும் குவியல்களில் பாதி உதவாமல் போவதற்குக் காரணம் இந்த ஒரு அரை நாள் வேலையைத் தவிர்த்ததுதான். எந்தத் தூண் என்று தெரியாத தூண் படத்தை வைத்து என்ன செய்வது?

இனி கல்வெட்டு. எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது இதில்தான்.

கல்வெட்டைப் படி எடுக்கும் பழைய முறையைப் பலர் பார்த்திருப்பீர்கள். கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். 1887 முதல் அரசுக் கல்வெட்டுத் துறை இப்படித்தான் ஊர் ஊராகப் படி எடுத்து ஆண்டறிக்கைகளில் எண் போட்டு வைத்தது. புதுக்கோட்டை சமஸ்தானமும் தன் எல்லைக்குள் இருந்த கல்வெட்டுகளைத் தனியாகத் தொகுத்து அச்சிட்டது. இன்னும் அந்த முறையை மிஞ்ச எதுவும் இல்லை என்று எங்களோடு வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா அடித்துச் சொல்வார். ஆனால் அதற்குப் பழகிய கை வேண்டும், கல்லை நனைக்க வேண்டும், சுண்ணாம்பு அடித்த கல்லில் எடுபடாது. எங்கள் குமுதத்தில் எத்தனையோ வெள்ளையடிப்புகளின் சுண்ணாம்பு எழுத்துக்குள் இறங்கி இறுகிக் கிடந்தது. அதைச் சுரண்டுவது எங்கள் வேலை இல்லை. உலர்ந்த மென்மையான பிரஷால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொண்டோம்.

கல்வெட்டுப் படத்துக்குக் கேமரா எதுவானாலும் சரி, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழ வேண்டும். நேர் எதிரே ஃபிளாஷ் அடித்தால் எழுத்து காணாமல் போய்விடும். சுவரை உரசிக்கொண்டு வெளிச்சம் வந்தால் ஒவ்வொரு வெட்டும் நிழல் போடும். இதற்கு இலவசமான விளக்கு சூரியன், அதுவும் நம் ஊரில் ஒரு சலுகை உண்டு. காரைக்குடி ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் சித்திரை தொடக்கத்திலிருந்து ஆவணி இரண்டாம் வாரம் வரை உச்சி நேரத்தில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். வருடம் முழுக்க இருட்டிலேயே கிடக்கும் வடசுவருக்கு அந்த மாதங்களில் மேலிருந்து கீழாக, சுவரை உரசியபடி வெயில் இறங்கும். ஆனி நடுவில் அந்தச் சாய்வு சுமார் 13 டிகிரி. எழுத்துப் படத்துக்கு இதைவிட நல்ல கோணத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது. கொடுங்கையின் நிழல் சுவரின் மேல் பாதியைக் கொஞ்சம் தின்னும். கீழே துருத்திக்கொண்டிருக்கும் ஜகதிக்கும் (குமுதத்துக்கு அடியில் உள்ள கல் வரிசை) குமுதத்துக்கும் வெயில் கிடைத்துவிடும், கல்வெட்டும் அங்கேதான் அதிகம்.

இன்னொன்று, நம் பக்கத்தில் உண்மையான உச்சி கடிகாரத்தில் 12 மணிக்கு வருவதில்லை. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். ஆனி, ஆடியில் 12.15க்கும் 12.22க்கும் நடுவில்தான் சூரியன் உச்சிக்கு வரும். நடை சாத்தும் நேரமும் கிட்டத்தட்ட அதுதான். அதனால் குருக்கள் பூட்டைப் போடும் சத்தம் கேட்டவுடன் ஓட வேண்டியிருந்தது.

ஓடுவது என்று சொல்லிவிட்டேன், வெறுங்காலோடு ஆனி மாத உச்சி வெயிலில் பிரகாரக் கல்லில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சணல் சாக்குகளை நனைத்து வரிசையாகப் போட்டு, அதன் மேலேயே நடமாடினோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி தண்ணீர். முக்காலியின் கால்களை மட்டும் சாக்கின் மேல் வைக்கவில்லை, சாக்கு அமுங்கினால் படம் ஆடிவிடும்.

முப்பட்டைக் குமுதம் என்பதால் ஒரே வரிசைக் கல்லில் மேல் பட்டை, நடுப் பட்டை, கீழ்ப் பட்டை என்று மூன்று முகம் இருந்தது. மேல் பட்டையில் வெயில் நேராக விழுந்து வெளிறிவிட்டது, நடுப் பட்டை அருமையாக வந்தது, கீழ்ப் பட்டை கரிய நிழல். கீழ்ப் பட்டைக்கு ஒரு டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்து வெயிலைத் திருப்பி அடித்தோம். கல்வெட்டுக்காரர்களின் பழைய கைவேலை இது. கண்ணாடியை ஒரு விரல் அசைத்தால்கூட எழுத்து எழுந்து வரும், இன்னொரு விரல் அசைத்தால் படுத்துக்கொள்ளும். ஐயா பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டு, "கொஞ்சம் எறக்கு... நிறுத்து நிறுத்து... இப்ப எடு" என்று சொல்லச் சொல்ல எடுத்தோம்.

தென்சுவருக்கு அந்தச் சமயத்தில் உச்சி வெயில் கிடையாது. அங்கே வேறு முறை: கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, விளக்கை மட்டும் வேறு வேறு இடத்திலிருந்து அடித்து ஐம்பது படம் போல எடுப்பது. பிறகு கணினியில் வெளிச்சத்தை விரும்பிய பக்கம் திருப்பிப் பார்க்கலாம். ஆர்டிஐ (ரிஃப்ளெக்டன்ஸ் டிரான்ஸ்ஃபர்மேஷன் இமேஜிங்) என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 2001இல் ஹெச்பி ஆய்வுக்கூடத்தில் டாம் மால்ஸ்பெண்டர் குழு வெளியிட்ட யோசனையிலிருந்து வளர்ந்தது. படத்துக்குள் இரண்டு பளபளப்பான கறுப்பு உருண்டைகள் தெரிய வேண்டும். அந்த உருண்டையில் விளக்கின் வெள்ளைப் புள்ளி எங்கே மின்னுகிறது என்பதை வைத்து, வெளிச்சம் வந்த திசையை மென்பொருள் கணக்கிடும். நாங்கள் வாங்கியது உதிரி ஸ்னூக்கர் பந்துகள், 52.5 மில்லிமீட்டர் விட்டம். கறுப்புப் பந்து ஒன்றுதான் கிடைத்தது, இன்னொன்றுக்குக் கறுப்பு ஸ்பிரே பெயின்ட். ஃபிளாஷில் ஒரு நூலைக் கட்டி, மறுமுனையைக் கல்லின் நடுவே ஒருவர் பிடித்துக்கொள்ள, நூலை இழுத்துத் தூரத்தைச் சரிபார்த்து, நூலை விலக்கிவிட்டு அடிப்போம். நூலின் நீளம் கல்வெட்டுத் துண்டின் மூலைவிட்டத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் ஒரு ஓரத்தில் கூடுதலாக விழும். விளக்கு உயரம் 15 டிகிரியிலிருந்து 65 டிகிரி வரை. ரீலைட் என்ற இலவச மென்பொருள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

சுண்ணாம்பு மூடிய ஒரு வரியில் இது கைகொடுத்தது. கண்ணுக்கு வெறும் வெள்ளைச் சுவர். நிறத்தை அணைத்துவிட்டு மேடு பள்ளத்தை மட்டும் மினுக்கிக் காட்டும் முறைக்கு மாற்றியதும் "திருநந்தா விள" என்று எழுத்துகள் எழுந்தன. அணையா விளக்குக்குக் கொடுத்த கொடை. அதோடு கல் முடிந்துவிட்டது, அடுத்த கல் வேறு ஏதோ. பழைய கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, ரகரமும் காலும் ஒரே வடிவம், எனவே ஐயா ஒவ்வொரு எழுத்தையும் பக்கத்து எழுத்தோடு சேர்த்துத்தான் படித்தார். வெளிச்சத்தைத் தானே திருப்பிப் பார்க்க முடிந்தது அவருக்குப் பெரிய சந்தோஷம். மை ஒற்றிய தாளில் அது நடக்காது என்று மெதுவாக ஒப்புக்கொண்டார்.

மடைப்பள்ளிப் படியில் ஒரு துண்டுக் கல்வெட்டு தலைகீழாகக் கிடந்தது. குருக்கள் காட்டினார். ஏதோ ஒரு திருப்பணியில் கல்லைப் பிரித்தவர்கள் கிடைத்த இடத்தில் சொருகியிருக்கிறார்கள், நம் கோயில்களில் சகஜம். விட்டுப்போன அடுத்த கல் இதுவாக இருக்குமோ என்று எல்லாருக்கும் ஆசை. எழுத்தின் உயரம் ஒத்துப்போனது. ஆனால் முப்பரிமாண மாதிரியில் அளந்தால் பட்டையின் உயரம் ஒரு விரற்கடை குறைந்தது, சரிவும் வேறு. அதே காலத்து வேறு வரிசைக் கல்லாக இருக்கலாம், அவ்வளவுதான். "சேரலைன்னா சேரலைதான், ஒட்ட வைக்காதே" என்றார் ஐயா. குறிப்பேட்டில் அப்படியே எழுதினோம்.

முன்மண்டபத் தூண்களுக்குப் போட்டோகிராமெட்ரி, அதாவது ஒன்றின் மேல் ஒன்று படியுமாறு நிறையப் படங்கள் எடுத்து அவற்றிலிருந்து முப்பரிமாண வடிவத்தைக் கணக்கிடுவது. விதிகள் எளிது: பக்கத்துப் படங்கள் 70, 80 சதவீதம் ஒன்றோடொன்று படிய வேண்டும், நின்ற இடத்தில் திரும்பாமல் நகர்ந்து நகர்ந்து எடுக்க வேண்டும், ஜூமைத் தொடக் கூடாது, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) குறைவாக, லென்ஸ் துளை எஃப் 8 அல்லது 11, முக்காலி கட்டாயம். செட்டிநாட்டுத் தூண்கள் இந்த விதிகளுக்கெல்லாம் அடங்குவதில்லை. ஒரே அச்சில் வார்த்தது போல இருபுறமும் ஒரே மாதிரித் தூண் வரிசை. மென்பொருள் நான்காம் தூணையும் ஆறாம் தூணையும் ஒன்றென்று எண்ணி மண்டபத்தையே மடித்துப்போட்டுவிடும். அதற்கு மருந்து, ஒவ்வொரு தூணடியிலும் வேறுவேறு எண்ணுள்ள குறித்தாள்களைத் தரையில் வைத்து, அவற்றுக்கு நடுவிலான தூரத்தை டேப்பால் அளந்து கொடுப்பது. அளவுகோலும் அதிலேயே கிடைத்துவிடும்.

இரண்டாவது தொல்லை எண்ணெய். விளக்குத் தூணும் அதை ஒட்டிய சிற்பங்களும் எண்ணெய் ஏறிக் கறுப்புக் கண்ணாடி போல் மின்னும். மின்னும் பொட்டு கேமரா நகர நகரக் கூடவே நகர்வதால் மென்பொருள் குழம்பும். ஃபிளாஷ் முன்னால் ஒரு போலரைசர் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) தாள், லென்ஸில் ஒரு போலரைசர், இரண்டையும் குறுக்காகத் திருப்பினால் மினுமினுப்பு அடங்கிவிடும். டியூப் லைட்டுகளை எல்லாம் அணைத்துவிட வேண்டும், பச்சை சாயல் அதிலிருந்துதான் வருகிறது. வௌவால்களுக்கு ஃபிளாஷ் பிடிக்கவில்லை. தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டோம், வேறு வழியில்லை.

விமானத்துச் சுதைச் சிற்பங்களுக்குத்தான் அவசரம் அதிகம். கல் எங்கும் போகாது, சுதையும் நிறமும் முதல் மாதமே மாறிவிடும். சவுக்குக் கம்புச் சாரம் ஏறிவிட்டால் பக்கத்தில் போகலாம், ஆனால் எல்லாப் படத்திலும் கம்பு குறுக்கே நிற்கும். சாரத்துக்கு முன்னால் எட்ட முடியாது. நாங்கள் மண்டபத் தட்டோட்டின் (தட்டைக் கூரையின்) மேல் ஏறி, நீளக் கம்பில் கேமராவைக் கட்டித் தூக்கியும், கொஞ்சம் தள்ளி நின்று டெலி லென்ஸிலும் எடுத்தோம். ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் 24 கட்டம் உள்ள நிற அட்டையை ஒருவர் பிடித்து நிற்க ஒரு படம். பின்னால் நிறத்தைச் சரிசெய்ய அந்த அட்டை இல்லாமல் முடியாது. தென்கிழக்கு மூலையில் ஒரு பூதகணத்தின் தோளில் பெயின்ட் உரிந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் மேலே எனாமல் நீலம், அதன் கீழே மங்கிய பச்சை, அதன் கீழே காவி, அடியில் சுண்ணாம்பு. அந்தச் சிறு பொத்தலை மட்டும் அளவுகோல் வைத்துத் தனியாக எடுத்துக்கொண்டோம். அடுத்த பூச்சில் முதலில் மூடப்படப்போவது அதுதானே.

உற்சவர் திருமேனிகளைப் படமெடுக்கத் திருப்பணிக் குழுவில் முதலில் இரண்டு கருத்து இருந்தது. திருடனுக்கு விளம்பரம் ஆகிவிடுமே என்றார்கள், நியாயமான பயம். ஆனால் படம் இல்லாத சிலை திருட்டுப் போனால் நம்முடையது என்று நிரூபிக்க வழியே இல்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியாவிலிருந்து 2014இல் திரும்பி வந்ததற்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் திருட்டுக்கு முன்பே எடுத்து வைத்திருந்த படம் பெரிய சான்று. 1955இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் தொகுப்பில் தமிழகக் கோயில் படங்கள் லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. இதைச் சொன்னதும் காரியக்காரர் இறங்கி வந்தார். அபிஷேகம் முடிந்து அலங்காரம் செய்யும் முன், குருக்களே திருப்பி வைக்க, முன், பின், இரு பக்கம், பீடத்தின் அடி என்று எடுத்தோம். நெளிவு, தேய்மானம், ஒட்டுப்போட்ட இடம் இவைதான் அடையாளம், அவற்றுக்குத் தனித்தனி நெருக்கப் படம். அந்தக் கோப்புறை என்னிடம்கூட இல்லை. உறையிட்டுத் திருப்பணிக் குழுவிடம் கொடுத்தாயிற்று, ஊர்ப் பெயரையும் அதற்காகத்தான் விட்டேன்.

கணினி வேலையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரி செய்யும் மென்பொருள்களில் மெஷ்ரூம், கோல்மேப் இரண்டும் இலவசம், ஆனால் அடர்த்தியான மாதிரி வேண்டுமானால் என்விடியா கார்டு உள்ள கணினி வேண்டும். ரியாலிட்டி கேப்சரும் (2025 முதல் அதன் பெயர் ரியாலிட்டிஸ்கேன்) 2024 முதல் ஆண்டு வருமானம் பத்து லட்சம் டாலருக்குக் குறைவானவர்களுக்கு இலவசம். நம்மில் யாருக்கும் அதில் பிரச்சினை வராது. அளப்பதற்கும் வெட்டுமுகம் எடுப்பதற்கும் கிளவுட்கம்பேர். மூலப் படங்களை ராவ் (RAW), டிஃப் (TIFF) கோப்புகளாக வைத்து, மூன்று பிரதி: ஒன்று கோயில் அலுவலகத்தில், ஒன்று ஐயா வீட்டில், ஒன்று என்னிடம். மென்பொருள் நாளை மாறினாலும் மூலப் படங்கள் இருந்தால் மாதிரியை மறுபடி செய்துகொள்ளலாம். படங்கள் போனால் மாதிரியை மட்டும் வைத்துக்கொண்டு பெரிய பயன் இல்லை.

ஆனால் ஸ்தபதியார் இந்த முப்பரிமாண மாதிரிகளைப் பார்த்து, "நல்லாருக்கு தம்பி" என்றதோடு சரி. அவர் கேட்டு வாங்கியது அச்சிட்ட தாள்கள். விமானத்தில் கை உடைந்த தேவகன்னிக்கு எதிர்ப்பக்கத்து ஜோடியின் படம், அளவுகோலோடு, சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ள. அப்புறம் கல்வெட்டுள்ள கற்களின் பட்டியலை ஏ3 தாளில் குறியீடு, படம், "பிரஷ் போடாதே, கழுவுவது தண்ணீரில் மட்டும்" என்ற வரியோடு லேமினேட் செய்து கொடுத்தோம். பொறியாளர் கொட்டகையில் ஒன்று, மடைப்பள்ளி வாசலில் ஒன்று. கல் கழுவ வந்த ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு "இந்தக் கல்லா, அந்தக் கல்லா?" என்று கேட்டுக் கேட்டு வேலை செய்ததாகக் குருக்கள் போனில் சொன்னார். மேற்குச் சுவரில் மட்டும் ஒரு துண்டில் கிரைண்டர் பட்டுவிட்டது. அந்தத் துண்டின் படம் இருக்கிறது, கல்லில் எழுத்து இனி இல்லை.

பக்கத்து ஊரிலிருந்தும் இப்போது கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே திருப்பணி தொடங்கிவிட்டது, அர்த்தமண்டபத் தரையைப் பெயர்த்தாயிற்று. பெயர்த்த கற்களை வெளியே வேப்பமரத்தடியில் அடுக்கி வைத்திருக்கிறார்களாம். தரைக்குள் மறைந்திருந்த முகங்களையும் சேர்த்து எல்லாப் பக்கமும் எடுக்கலாம் என்பது அதில் இருக்கிற ஒரே வசதி. திரும்ப அடுக்குவதற்குள் கற்களுக்கு எண் போட்டுவிட வேண்டும். எண் எழுதச் சாக்பீஸ் போதும், பெயின்ட் வேண்டாம் என்று போனிலேயே சொல்லியாயிற்று.